இ-பைக் மலைப்பயணத்துக்கு இரண்டாவது பேட்டரி: எப்போது வேண்டும், எப்படித் தூக்கிப் போவது

டர்பனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை இ-பைக் (மிதிக்கும்போது மோட்டார் உதவும் சைக்கிள்) குழுவில் புதிதாக யார் சேர்ந்தாலும் ஒரு மாதத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: “அண்ணா, டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் போறதா இருந்தா இன்னொரு பேட்டரி வாங்கணுமா?” கேட்பவர் பெரும்பாலும் பைன்டவுன் பக்கத்து கீபா கார்ஜ் பாதைகளில் நாலைந்து முறை ஓட்டியிருப்பார். ஒருநாள் மோட்டார் மிக அதிகமாக உதவும் டர்போ நிலையிலேயே சுற்றி, வீடு திரும்பும் வழியில் சார்ஜ் தீர்ந்து, 24 கிலோ வண்டியை மோட்டார் இல்லாமல் கால்பலத்தாலேயே மிதித்து வந்திருப்பார். அந்த அனுபவம் எனக்கும் உண்டு. அதனால்தான் இந்தக் கேள்விக்கு “ஆமாம்”, “இல்லை” என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல், முதலிலிருந்தே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏற்றத்தை எண்ணுங்கள்

புதியவர்கள் எல்லோரும் கிலோமீட்டரைத்தான் கேட்கிறார்கள். “60 கிலோமீட்டருக்கு ஒரு பேட்டரி தாங்குமா?” மலையில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் குறைவு. பேட்டரியைத் தின்பது தூரம் அல்ல, ஏற்றம்தான். பெரும்பாலான இ-பைக்குகளில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் மோட்டார் உதவி நின்றுவிடும். இறக்கத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆக, ஒரு நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் மேலே ஏறப் போகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கைப் போட பள்ளிக்கூட இயற்பியல் போதும். நீங்களும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். 100 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 270 வாட்-அவர் ஆற்றல் வேண்டும். கல்லும் மண்ணும் டயரை இழுப்பதற்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து 350 என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு பங்கை உங்கள் கால் கொடுக்கிறது, மீதியை மோட்டார் கொடுக்கிறது. பேட்டரியிலிருந்து எடுப்பதில் கால்பங்கு போல மோட்டாரிலேயே சூடாகப் போய்விடும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், மோட்டார் குறைவாக உதவும் எகோ நிலையில் நிதானமாக மிதித்து ஏறினால் 1,000 மீட்டருக்கு 200 வாட்-அவர் வரை ஆகும். டர்போவில் ஏறினால் 300ஐத் தாண்டும். இது என் எடையிலும் என் வண்டியிலும் சரியாக வருகிற கணக்கு. உங்களுக்கு வேறாக இருக்கும். அதனால் பழகின ஒரு மேட்டின் அடியில் சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உச்சியில் மறுபடி குறியுங்கள். மூன்று ஞாயிறு இப்படிச் செய்தால் உங்கள் சொந்தக் கணக்கு கையில் இருக்கும். எந்தக் கம்பெனியின் விளம்பரத் தாளையும்விட அது நம்பகமானது.

பேட்டரியில் எத்தனை வாட்-அவர் இருக்கிறது என்பதை அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 14 ஆம்பியர்-அவர் என்றால் 504 வாட்-அவர். இப்போது வரும் மலை வண்டிகளில் 500, 625, 750 என்ற அளவுகள் சாதாரணம்.

சரி, லெசோத்தோவுக்கு ஏறும் கணவாய்ப் பாதையான சானி பாஸையே எடுத்துக்கொள்வோம். நம்மில் எல்லோருக்கும் கனவு அதுதான். உச்சி 2,876 மீட்டர். அடிவாரச் சமவெளியிலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதிலும் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டிய பிறகு வரும் எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான் உயிரை வாங்கும் பகுதி. என் கணக்கின்படி எகோவில் 260 வாட்-அவர், முழுக்க டர்போவில் 400க்கு மேல். அதாவது 500 வாட்-அவர் பேட்டரியே போதும். 625 இருந்தால் தாராளம். சானிக்கு ஸ்பேர் பேட்டரி தேவையில்லை என்று நான் சொன்னால் பலர் நம்புவதில்லை, ஆனால் உண்மை அதுதான். ஏற்றத்தின் நடுவில் டர்போவை அமுக்கிக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விடுவது இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட மலிவு.

அப்படியானால் எப்போது வேண்டும்? ஒரே நாளில் 1,800, 2,000 மீட்டருக்கு மேல் ஏறும்போது. சானி உச்சியோடு நிற்காமல் லெசோத்தோவுக்குள் போய், 3,200 மீட்டரைத் தாண்டும் கோட்டிசெபோலா கணவாய் வரை ஏறித் திரும்பும்போது. கார்க்லூஃப் காட்டுப்பாதைகளில் காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று என்று முழு நாளும் ஏறி இறங்கும்போது. உடல் எடை 100 கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கும், முழங்கால் வலி காரணமாக மோட்டாரை நம்பி ஓட்டுபவர்களுக்கும் இந்த எல்லை இன்னும் முன்பே வந்துவிடும். அவர்கள் தயங்கவே வேண்டாம். எங்கள் குழுவில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவர், 61 வயதில் இரண்டு பேட்டரியோடுதான் வருவார். அவர் வராத பயணம் எங்களுக்குப் பயணமே இல்லை.

வாங்குவதற்கு முன் வண்டியைப் பாருங்கள்

எல்லா வண்டியிலும் பேட்டரியைக் கழற்ற முடியாது. எடை குறைந்த சில இ-பைக்குகளில் பேட்டரி ஃபிரேமுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை வெளியே எடுக்க மோட்டாரையே இறக்க வேண்டும். அத்தகைய வண்டிக்கு ஸ்பேர் பேட்டரி என்ற பேச்சே இல்லை. தண்ணீர்ப் புட்டி வைக்கும் இடத்தில் மாட்டும் சிறிய துணைப் பேட்டரி ஒன்றுதான் வழி. ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் எஸ்.எல். வரிசைக்கு வரும் துணைப் பேட்டரி 160 வாட்-அவர், எடை ஒரு கிலோ அளவில். போஷின் பவர்மோர் 250 வாட்-அவர், எடை 1.6 கிலோ, அது போஷின் புதிய ஸ்மார்ட் சிஸ்டம் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

கழற்றக்கூடிய வண்டி வைத்திருப்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஒரே நிறுவனத்தின் பழைய சிஸ்டம் பேட்டரி புதிய வண்டிக்குப் பொருந்தாது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், நீளம் சில சென்டிமீட்டர் வேறாக இருக்கும், அல்லது மாட்டியும் வண்டி விழிக்காது. வண்டியின் மாடல், ஆண்டு, இப்போதிருக்கும் பேட்டரியின் எண் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்கும்போதே கடையில் மாட்டி, வண்டியை இயக்கி, உதவி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பெயர் தெரியாத மலிவுப் பேட்டரியை வேண்டாம் என்றே சொல்வேன். விலை அதிகம் என்பது எனக்கும் தெரியும். ஒரு நல்ல பேட்டரியின் விலையில் சாதாரண சைக்கிள் ஒன்று வந்துவிடும். ஆனால் நாம் அதை முதுகில் கட்டிக்கொண்டு பாறை மேல் ஓட்டப் போகிறோம். உள்ளே இருக்கும் செல்களையும் அவற்றைக் காக்கும் மின்சுற்றையும் யார் செய்தார்கள் என்று தெரியாத பொருளை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வராது. பணம் பற்றாக்குறை என்றால் ஒரே சிஸ்டம் வண்டி வைத்திருக்கும் இருவர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். எங்கள் குழுவில் இப்படி ஒரு பேட்டரி இரண்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் பத்து முறை மாற்றிப் பாருங்கள்

நான் முதன்முதலாக ஸ்பேர் தூக்கிக்கொண்டு போன நாளில் நடந்தது இது. கார்க்லூஃபில் மதியம் ஒரு மணி. முதல் பேட்டரி 4 சதவீதம். பையிலிருந்து இரண்டாவதை எடுத்து வைத்துவிட்டு, ஃபிரேம் பூட்டைத் திறக்கச் சாவியைத் தேடினேன். சாவி சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. 3 கிலோ பேட்டரி முழுச் சார்ஜோடு முதுகில், அணைந்த வண்டி கையில். பக்கத்து ஊரான ஹோவிக் வரை எப்படி வந்தேன் என்பதை என் முழங்கால்தான் சொல்லும்.

ஆகவே சாவிக்கு ஒரு நிரந்தர இடம் கொடுங்கள். நான் இப்போது ஒரு சாவியைப் பையின் உள் கொக்கியிலேயே கட்டி வைத்திருக்கிறேன், அது பையை விட்டு வெளியே வருவதில்லை. சாவிக்குப் பதில் ஆலன் கீயால் (அறுகோண முனைத் திருகு சாவி) திறக்கும் வண்டியாக இருந்தால், எந்த அளவு என்று பார்த்து அதையும் அங்கேயே போடுங்கள்.

பிறகு வீட்டு முற்றத்தில் மாற்றிப் பழகுங்கள். வண்டியை அணைக்க வேண்டும். மூடியைத் திறக்க வேண்டும். ஒரு கையால் பேட்டரியைத் தாங்கிக்கொண்டே பூட்டைத் திறக்க வேண்டும், ஏனென்றால் கீழ்நோக்கிக் கழலும் வண்டியில் தாங்காமல் திறந்தால் பேட்டரி நேராகக் கல்லில் போய் விழும். உள்ளே முனைகளைத் துடைத்துப் பார்த்து, புதியதை முதலில் கீழ் முனையில் அமர்த்தி, மேலே அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் ஓட்டாதீர்கள். கடைசியாக இழுத்துப் பாருங்கள். உங்கள் வண்டியில் வரிசை சற்று மாறலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குக் கை பழக வேண்டும், காரணம் மலையில் நீங்கள் இதைச் செய்யும்போது காற்று அடிக்கும், விரல் விறைத்திருக்கும், பக்கத்தில் நான்கு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. புதிய பேட்டரியோடு ஒருமுறையாவது வீட்டுப் பக்கத்திலேயே முழுப் பயணம் ஒன்று போய்விடுங்கள். சில வண்டிகள் புதிய பேட்டரியைப் பார்த்ததும் மென்பொருள் புதுப்பிப்பு கேட்கும். அதை மலை உச்சியில் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

பையில் எப்படி வைப்பது

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள், அடிபடுவதும் இங்கேதான்.

3 கிலோ கூடுதல் எடை சார்ஜை நிறையத் தின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 3 கிலோவை 1,000 மீட்டர் தூக்க 8 வாட்-அவர்தான் ஆகிறது. 500இல் 8 ஒன்றுமே இல்லை. அந்த எடைக்கு விலை கொடுப்பது உங்கள் தோளும் இடுப்பும்தான். இறக்கத்தில் வண்டியைத் திருப்பும் உங்கள் சமநிலையும்கூட.

பேட்டரி என்பது கூர்முனை கொண்ட, வளையாத, கனமான ஒரு செங்கல். சாதாரணப் பள்ளிக்கூடப் பையில் போட்டால் ஒவ்வொரு குழியிலும் அது எழும்பி உங்கள் முதுகெலும்பைத் தட்டும். விழுந்தால் உங்களுக்கும் நிலத்துக்கும் இடையில் அது இருக்கும். அண்ணன் ஒருமுறை ஈரமான வேரில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். பெரிய விழுகையே இல்லை. ஆனால் பேட்டரியின் முனை இடுப்புக்கு மேலே குத்தி, மூன்று வாரம் அவரால் குனிய முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் குழுவில் முதுகுக் காப்புத் தகடு இல்லாத பையில் பேட்டரி வைத்து யாரும் வருவதில்லை. நீங்களும் அப்படியே ஆரம்பியுங்கள். பேட்டரிக்கென்று தனி அறையும், அதற்கும் முதுகுக்கும் நடுவே காப்புத் தகடும் உள்ள பைகள் கிடைக்கின்றன. எவோக் நிறுவனத்தின் இ-ரைட் பைகள் அந்த வகை. அதே வேலையைச் செய்யும் எந்தப் பையும் சரி. 20 லிட்டருக்குக் குறையாமல், அகலமான இடுப்புப் பட்டையும் மார்புப் பட்டையும் இருக்க வேண்டும். கடையில் வெறும் பையைப் போட்டுப் பார்க்காதீர்கள். பேட்டரியை எடுத்துக்கொண்டு போய், உள்ளே வைத்து, குனிந்து குதித்துப் பாருங்கள். பை தலைக்கு மேல் ஏறி ஹெல்மெட்டில் இடித்தால் அது உங்களுக்கு வேண்டாம்.

வைக்கும்போது பேட்டரி நெட்டுக்குத்தாக, முதுகை ஒட்டி, எடை எவ்வளவு கீழே இறங்குமோ அவ்வளவு கீழே. எடையை இடுப்புப் பட்டை வாங்க வேண்டும், தோள் வாங்கக் கூடாது. மின்முனைகளுக்கு மேல் அதற்கென்று வரும் ரப்பர் மூடியை மாட்டுங்கள். மூடி தொலைந்துவிட்டால் காய்ந்த துணியும் இன்சுலேஷன் டேப்பும் தற்காலிகத்துக்கு உதவும். அந்த அறையில் சாவிக்கொத்து, சில்லறை, ஆலன் கீ, சங்கிலித் துண்டு எதையும் போடாதீர்கள். உலோகம் இரண்டு முனையையும் தொட்டால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

தண்ணீர்ப் பை அதே அறையில் வேண்டவே வேண்டாம். அது ஒருநாள் ஒழுகும். நான் பேட்டரியை முதலில் ஒரு நியோப்ரீன் உறையிலும், பிறகு படகுக்காரர்கள் பயன்படுத்தும் நீர்புகாப் பையிலும் போட்டு வைக்கிறேன். தண்ணீரைப் புட்டியில் ஃபிரேமில் வைக்கிறேன். பையில் மீதமுள்ள இடத்தில் மழைச்சட்டை, டியூப், பம்ப், முதலுதவிப் பொட்டலம், உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய இரண்டு ரொட்டி. பேட்டரிக்கு இடம் வேண்டும் என்று மழைச்சட்டையை வீட்டில் விட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிராக்கன்ஸ்பெர்க்கில் அது செய்யக்கூடாத பரிமாற்றம்.

ஃபிரேமின் மேல்குழாயில் பட்டை போட்டுக் கட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். ஒரு கிலோ துணைப் பேட்டரியை அதற்கென்று செய்த இடத்தில் மாட்டுவது வேறு. 3 கிலோ செங்கலைப் பட்டையால் கட்டிக்கொண்டு கல் இறக்கத்தில் இறங்குவது வேறு. பட்டை அரை மணியில் தளரும், பேட்டரி முழங்காலில் இடிக்கும், கழன்றால் பின்னால் வருபவரின் சக்கரத்துக்குள் போகும். நான் செய்யமாட்டேன்.

முந்தின நாள் இரவு

4 ஆம்பியர் சார்ஜர் 500 வாட்-அவர் பேட்டரியை நிரப்ப ஏறக்குறைய நான்கரை மணி நேரம் எடுக்கும். இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர் என்றால் ஒன்பது மணி நேரம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சானி பக்கத்து ஊரான அண்டர்பெர்க் போய்ச் சேர இரவு ஒன்பதாகிவிடும். அதற்குமேல் ஒன்பது மணி நேரம் கிடைக்காது, இடையில் எழுந்து மாற்றவும் வேண்டும். அதனால் ஒன்றை வீட்டிலேயே நிரப்பிக் கொண்டு போங்கள், அல்லது நண்பர் ஒருவரின் சார்ஜரையும் சேர்த்து எடுத்துப் போங்கள். தங்குமிடத்தில் முன்கூட்டியே போன் செய்து, எங்கே சார்ஜ் போடலாம் என்று கேட்டுவிடுவது மரியாதையும்கூட. 2023இல் லோட் ஷெட்டிங் மின்வெட்டால் பட்ட பாடு நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. இப்போது நிலைமை எவ்வளவோ பரவாயில்லை என்றாலும், பழைய பண்ணை வீடுகளில் எந்தக் காரணத்துக்காகவும் மின்சாரம் போகலாம். சார்ஜர் இழுப்பது 200 வாட்டுக்குள்தான், ஆகவே அவர்களிடம் இன்வெர்ட்டர் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வாங்கி வந்த சார்ஜரில் ஐரோப்பிய பிளக் இருந்தால், நம்மூர் மூன்று உருண்டை முனை பிளக்குக்கு மாற்றும் அடாப்டர் நல்லதாக இருக்க வேண்டும். தளர்ந்த அடாப்டர் சூடாகி உருகியதை ஒருமுறை பார்த்துவிட்டேன். இரவு சார்ஜ் போடும் இடம் கட்டிலுக்கு அடியிலோ வாசல் வழியிலோ இருக்கக் கூடாது. சிமெண்ட் தரை, பக்கத்தில் திரைச்சீலையோ மெத்தையோ இல்லாத இடம். நிரம்பியதும் கழற்றிவிடுங்கள்.

வழியில் காரை நிறுத்திச் சாப்பிடப் போகும்போது பேட்டரி பின்சீட்டில் கண்ணில் படும்படி இருக்க வேண்டாம். கண்ணாடியை உடைக்க அது போதுமான காரணம். காரின் பின்பெட்டிக்குள் வைத்தாலும் கோடை வெயிலில் மணிக்கணக்கில் விடாதீர்கள். தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரிதான் இங்கே உச்சக் கோடை. டர்பன் வெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும். சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் முதல் எதிரி.

பாதையில்

இரண்டில் எதை முதலில் மாட்டுவது? ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் பழையதை முதலில் மாட்டுங்கள். நாள் கடைசியில், களைப்பாக இருக்கும்போது, நம்பகமானது வண்டியில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வயது என்றால் எது முதலில் போனாலும் சரி.

முழுக்கத் தீரும்வரை காத்திருக்காதீர்கள். 15 சதவீதத்துக்கு வந்ததும் அடுத்த நல்ல இடத்தில் மாற்றிவிடுங்கள். நல்ல இடம் என்றால் சமதரை, நிழல், சேறு இல்லாத புல், சாய்க்க ஒரு வேலி. ஏற்றத்தின் நடுவில் மாற்றுவதைவிட, ஏற்றம் தொடங்கும் முன் மாற்றுவது நல்லது. நாங்கள் வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துவிடுவோம். ஒருவர் வண்டியைப் பிடிப்பார், ஒருவர் மாற்றுவார், மற்றவர்கள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். மாற்றும்போது பேட்டரியை வெறும் மண்ணில் வைக்காமல் மழைச்சட்டையை விரித்து அதன் மேல் வையுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் யாராவது ஒருவர் சட்டையைக் குடையாகப் பிடிக்கட்டும்; வண்டிக்குள் இருக்கும் முனைகள் நனைந்தால் துடைத்து உலர்த்திய பிறகே மாட்டுங்கள். மாற்றிய பிறகு வண்டியை இயக்கி, சதவீதம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதைப் பைக்குள் வைக்க வேண்டும். காலியானது என்று அதை அலட்சியமாகப் போட வேண்டாம். மூடி, உறை, நீர்புகாப் பை எல்லாம் அதற்கும் உண்டு.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதம் தமிழ்நாட்டில் காற்றுக் காலம், இங்கே அதுதான் நடுக்குளிர். சானி உச்சியில் பனி கிடக்கும். உறைநிலைக்கு அருகில் லித்தியம் பேட்டரி தன் முழு அளவைக் கொடுக்காது. காலையில் 100 காட்டியது ஒரு மணி நேரத்தில் நினைத்ததைவிட வேகமாக இறங்கும். இரவில் இரண்டு பேட்டரியையும் வண்டியில் விடாமல் அறைக்குள் எடுத்து வையுங்கள். பையில் இருப்பது முதுகுச் சூட்டில் ஓரளவு காப்பாற்றப்படும், நியோப்ரீன் உறைக்கு இன்னொரு பயனும் இது. உறைந்துபோன பேட்டரியை உடனே சார்ஜில் போடுவது அதைக் கெடுக்கும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு போடுங்கள்.

கோடையில் வேறு ஆபத்து. மதியத்துக்கு மேல் மலையில் இடி, மின்னல், ஆலங்கட்டி. விடியற்காலையில் கிளம்பி, மதியத்துக்குள் உயரமான இடத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். முதுகில் முழுப் பேட்டரி இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் ஒரு மலை, இன்னும் ஒரு வளைவு என்று போய் இடியில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. திரும்பும் நேரத்தைப் பேட்டரி முடிவு செய்யக் கூடாது, வானம் முடிவு செய்யட்டும். சானிக்குப் போனால் எல்லைச் சாவடி மாலை 6 மணிக்கு மூடும், பாஸ்போர்ட்டும் வேண்டும். உச்சியில் உள்ள விடுதியில் சார்ஜ் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். கிடைத்தால் அது போனஸ்.

இறக்கத்தில் நிதானம். பையோடு உங்கள் மேல்பாதி கனமாகியிருக்கிறது, அதனால் திடீர்ப் படியில் முன்னால் தள்ளும். முதல் சில பயணங்களில் வழக்கமாகக் குதிக்கும் இடத்தில் உருட்டி இறங்குங்கள். சானியின் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடாகும். பிடித்துக்கொண்டே இருக்காமல் விட்டுவிட்டு அழுத்துங்கள், நடுவில் இரண்டு முறை நின்று ஆற விடுங்கள்.

பையோடு விழுந்துவிட்டால், உங்களைப் பார்த்துக்கொண்ட பிறகு பேட்டரியைப் பாருங்கள். உறையில் விரிசல், நசுங்கல், வீக்கம், இனிப்பான ரசாயன வாடை, வழக்கத்துக்கு மாறான சூடு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை வண்டியில் மாட்டாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். பையிலிருந்து எடுத்து, காய்ந்த புல்லுக்கு எட்டாத கல்தரையில் தள்ளி வையுங்கள். குளிர்காலத்தில் இங்கே புல்வெளி முழுக்கத் தீக்குச்சிதான்.

தூக்காமலேயே கொண்டு போகும் வழி

எனக்குப் பிடித்த வழி இது. பாதை ஒரு வட்டமாக இருந்தால், இரண்டாவது பேட்டரியை காரிலோ தங்குமிடத்திலோ பூட்டி வைத்து, மதியம் அந்த இடத்துக்கே திரும்பி வரும்படி பாதையை எட்டு வடிவில் அமையுங்கள். கார்க்லூஃபில் இது மிக எளிது. நேர்ப்பாதையாக இருந்தால் குழுவில் ஓட்டாத ஒருவர் பாக்கியில் (பின்புறம் திறந்த சிறு டிரக்) சுற்றி வந்து குறித்த இடத்தில் காத்திருக்கலாம். பெரும்பாலும் யாராவது ஒரு மச்சானோ மாமாவோ மகிழ்ச்சியாக வருவார், சோற்றுப் பானையும் கூடவே வரும். பண்ணைக் கடைகளில் கேட்டு வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் பழகின இடமாக இருக்க வேண்டும். புதருக்குள் ஒளித்து வைப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விமானத்தில் 100 வாட்-அவர் வரையுள்ள பேட்டரிக்குத்தான் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 160க்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமே கிடையாது, பெட்டியிலும் கூடாது, கையிலும் கூடாது. ஆக வண்டியின் பேட்டரியும் ஸ்பேரும் இரண்டும் விமானத்தில் வராது. காரில் வாருங்கள், அல்லது இங்கே இருப்பவரிடம் ஒரே சிஸ்டம் பேட்டரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூரியரில் அனுப்புவதானால் லித்தியம் பேட்டரி என்று சொல்லி, அதற்கான முறைப்படி அனுப்ப வேண்டும். துணிப் பெட்டிக்குள் மறைத்து அனுப்புவது மற்றவர் உயிரோடு விளையாடுவது.

வீடு திரும்பியதும்

இரண்டு பேட்டரியையும் ஈரத்துணியால் துடைத்து, முனைகளை உலர்த்துங்கள். கடலோர ஊரில் உப்புக்காற்று முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். அடுத்த வாரமே போவதாக இருந்தால் பாதிக்குமேல் நிரப்பி வைத்து, கிளம்பும் முந்தின நாள் முழுதாக்குங்கள். ஸ்பேர் பேட்டரி இரண்டு, மூன்று மாதம் சும்மா கிடக்கப் போகிறது என்றால் 30 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முழுதாக நிரப்பி மாதக்கணக்கில் வைப்பதும் கெடுதல், காலியாக விட்டுவிடுவது அதைவிடக் கெடுதல். நான் இரண்டு பேட்டரியிலும் ஒட்டுத்துணியில் ‘அ’, ‘ஆ’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பயணத்திலும் முதலில் போவதை மாற்றி மாற்றி எழுதி வைப்பதால் இரண்டும் ஒரே அளவில் உழைக்கின்றன. கடந்த முறை ‘அ’ முதலில் போனது. கார்க்லூஃப் அடுத்த முறைக்கு ‘ஆ’.